மாதம் 1,000 ரூபாய்: மேல்விஷாரம் மாணவியைத் தடுக்கும் அந்த ஒரு வார்த்தை

மேல்விஷாரத்தில் ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு தோழிகளைக் கற்பனை பண்ணிக்கோங்க. இரண்டு வீட்டிலும் அப்பா, அம்மா இருவருமே ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்தி அரசுப் பள்ளியில் படித்தாள். இன்னொருத்தி அரசு உதவி பெறும் பள்ளியில், உருது வழியில் படித்தாள். இருவரும் ஒரே கல்லூரியில் சேர்கிறார்கள். முதல் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். இரண்டாவது பெண்ணுக்கு வராது. ஏன்?

விதி என்ன சொல்கிறது?

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியபோது, 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மட்டும்தான் என்றிருந்தது. கல்வி உரிமைச் சட்டத்தில் 8-ம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. 2024 டிசம்பரில் இது அரசு உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால், கூடவே ஒரு நிபந்தனை: ‘தமிழ் வழியில்’ படித்திருக்க வேண்டும். மாணவர்களுக்காக 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் உதவி பெறும் பள்ளிகளுக்கு இதே நிபந்தனைதான்.

இந்தத் திட்டங்களில் வருமான வரம்பு கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனா, அதனாலேயே குடும்பத்தின் கஷ்டம் இங்கே கணக்கில் வருவதில்லை. எந்தப் பள்ளி, எந்த வழிக் கல்வி என்பது மட்டும்தான் கேள்வி.

வேற ஸ்காலர்ஷிப் இல்லையா?

இருக்கு. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் லப்பை, தெக்கனி, ஷேக், சையத் உள்ளிட்ட முஸ்லிம் பிரிவினர் இருக்கிறார்கள். இவர்கள் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். சேர்ந்தால், இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனை இல்லாமலேயே உதவித்தொகை பெறலாம். நிறைய பேர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே கல்லூரிக்குள் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருப்பது சகஜம். எனவே, எந்தப் பிரிவில் சீட் என்பதை ஃபீஸ் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பாலிடெக்னிக், தொழிற்படிப்பு, முதுகலை என்றால் கதை வேறு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மத்திய அரசின் சிறுபான்மையினர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வரம்பு இன்னும் குறைவாக, 2 லட்சமாக இருந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அப்பாவுக்கு மாதம் 11,000, அம்மாவுக்கு மாதம் 11,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,64,000 ரூபாய். வெறும் 14,000 ரூபாயில் தகுதி போய்விடும். வாடகை, வட்டி, மருந்துச் செலவு எதுவும் இந்தக் கணக்கில் கழிவதில்லை. அம்மா வேலைக்குப் போனதுதான் மகளுக்குத் தடையாக வந்து நிற்கிறது.

பொறியியல் கலந்தாய்வில் சேர்பவர்களுக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. அண்ணன் ஏற்கெனவே பட்டதாரி என்றால் அதுவும் இல்லை.

ஆக, உருது வழியில் படித்து, பாலிடெக்னிக்கில் சேரும் நம்ம இரண்டாவது தோழிக்கு ஒரு கதவும் திறப்பதில்லை. ஒரு திட்டம் அவள் பள்ளியைப் பார்த்து ‘இல்லை’ என்கிறது, இன்னொன்று அவள் பெற்றோரின் சம்பளத்தைப் பார்த்து ‘இல்லை’ என்கிறது.

என்ன மாற வேண்டும்?

தமிழ் வழிக் கல்வியை ஊக்குவிப்பது நியாயமான நோக்கம். அதில் நமக்குச் சண்டை இல்லை. கட்டணம் கட்டி ஆங்கில வழியில் படிப்பவர்களைத் தவிர்ப்பதற்காகத்தான் இந்த நிபந்தனை என்றாலும் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது வழிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வசதியைப் பார்த்து அனுப்புவதில்லை. வீட்டில் பேசுகிற மொழி அது, அவ்வளவுதான்.

‘தமிழ் வழியில்’ என்ற இடத்தில் ‘தமிழ் அல்லது சிறுபான்மை மொழி வழியில்’ என்று திருத்தினால் போதும். மூன்று வருடத்துக்கு ஒரு மாணவிக்கு 36,000 ரூபாய். அரசுக்கு இது பெரிய தொகை இல்லை. பஸ் பாஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று ஓடும் ஒரு வீட்டுக்கு, மகள் படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை முடிவு செய்யும் தொகை.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை:

• 6 முதல் 12 வரை எங்கே, எந்த வழியில் படித்தீர்கள் என்பதற்கான சான்றைப் பள்ளியிலேயே வாங்கிவிடுங்கள்.

• வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

• மாணவியின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். அதில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

• ‘உனக்குக் கிடைக்காது’ என்று யாராவது சொன்னால், எந்தத் திட்டம், எந்த விதி என்று திருப்பிக் கேளுங்கள். ஒன்றில் தகுதி இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள்.