எந்தப் பொருளில் யாருடைய முகம்?

அன்றாடப் பொருள்களைச் சேர்த்து மனித முகத்தை அமைக்கும் ஒட்டுச்சித்திரங்கள் இன்று காட்சிக்கூடங்களிலும் கைபேசித் திரைகளிலும் பெருகியிருக்கின்றன. ‘கொலாஜ்’ எனப்படும் இம்முறை, அதாவது தாள், துணி, உதிரிப்பொருள் என ஏற்கெனவே உலகில் புழங்குபவற்றை ஒட்டியும் அடுக்கியும் உருவம் படைக்கும் முறை, நாற்காலியின் பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணியை 1912இல் பிக்காசோ தம் ஓவியத்தில் ஒட்டியதோடு நவீனக் கலைக்குள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. பொருள்களால் முகம் சமைக்கும் கற்பனை அதற்கும் பழையது. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்தோ, பேரரசர் இரண்டாம் ருடால்பைப் பழங்களும் காய்களும் மலர்களும் திரண்ட பருவங்களின் தேவனாகத் தீட்டினார். எல்லாப் பருவங்களும் அரசனுக்குள் அடக்கம் என்று புகழ்வதற்கு அந்த விளைபொருள்களே வேண்டியிருந்தன. அவற்றின் இடத்தில் வேறெதையும் வைத்திருக்க முடியாது.

இவ்வகைக் கலையை மதிப்பிடும் அளவுகோலும் இதுவே. பொத்தான்களால் ஆன ஒரு நடிகரின் முகத்தை ஆணிகளால் அமைத்தாலும் பொருள் மாறாது எனில், அங்கு எஞ்சுவது பொறுமையும் கைத்திறனும் மட்டுமே. பெரும்பாலான படைப்புகள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

1961இல் சாவ் பாவ்லோவில் பிறந்த பிரேசில் கலைஞர் விக் முனீஸின் சிறந்த படைப்புகள் தேறுகின்றன. கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுடைய குழந்தைகளின் முகங்களை அவர் 1996இல் கருந்தாள்மீது வெள்ளைச் சர்க்கரையைத் தூவி வரைந்து ஒளிப்படமாக்கினார். பெற்றோரின் உழைப்பை உறிஞ்சும் சர்க்கரையே பிள்ளைகளின் முகமானபோது, அப்பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் வாழ்வும் படத்துக்குள் வந்துவிட்டது.

ரியோ டி ஜெனிரோ நகரின் கழிவுகள் குவிக்கப்பட்ட ஜார்திம் கிராமாஷோ குப்பைமேட்டில், மறுசுழற்சிக்குரியவற்றைப் பிரித்தெடுத்துப் பிழைத்த தொழிலாளர்களோடு அவர் உருவாக்கிய வரிசை இன்னும் ஆழமானது. ஒரு தொழிலாளியை ஒளிப்படம் எடுத்து, அதைக் கலைக்கூடத்தின் தரையில் பேருருவாக ஒளிபாய்ச்சி, சாரத்தின் உச்சியிலிருந்து கலைஞர் இடம் சுட்ட, புட்டிகளையும் டயர்களையும் வாளிகளையும் அத்தொழிலாளர்களே கோடுகளின் மேல் அடுக்கினர். முடிந்த உருவம் மேலிருந்து படமெடுக்கப்பட்டபின் கலைக்கப்பட்டது. தொழிலாளர் சங்கத் தலைவர் செபஸ்தியாவோ சாந்தோஸ், கொலையுண்ட புரட்சியாளர் மராவைக் குளியல்தொட்டியில் சாய்ந்த நிலையில் பிரெஞ்சு ஓவியர் டாவீத் 1793இல் தீட்டிய ஓவியத்தின் கோலத்தில் அமர்ந்தார். மற்றொருவர் பிரெஞ்சு ஓவியர் மிலேயின் ‘விதைப்பவன்’ ஓவியத்திலுள்ள உழவனாக நின்றார். மிலேயின் உழவனுக்குப் பெயரில்லை. முனீஸின் தலைப்புகளிலோ அடைப்புக்குறிக்குள் அத்தொழிலாளர்களின் பெயர்கள் இடம்பெறுகின்றன.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அது வலுவானதே. இறுதிப் படைப்பாக விற்கப்படுவது குப்பை அன்று, ஒளிப்படம். வாங்குபவரின் வரவேற்பறைக்கு முகம் போய்ச்சேருகிறது, நாற்றம் போவதில்லை. வறுமை செல்வர்களுக்கான அழகுப்பொருளாகிறது என்னும் குற்றச்சாட்டை இதனால் எளிதில் தள்ளிவிட முடியாது. சில வாரங்கள் கலைக்கூடத்தில் பணியாற்றியவர்களை மீண்டும் குப்பைமேட்டுக்கு அனுப்புவது அறமா என்ற விவாதத்தை, இம்முயற்சியைப் பதிவுசெய்த ‘வேஸ்ட் லேண்ட்’ (2010) ஆவணப்படமே மறைக்காமல் காட்டுகிறது.

ஆகவே பொருளின் பொருத்தம் மட்டும் போதாது. யாருடைய கை அதை அடுக்கியது, விற்ற பணம் எங்கே சென்றது என்பவையும் படைப்பின் தகுதியைச் சேர்ந்தவையே. இவ்வரிசையில் அடுக்கிய கைகள் படத்திலிருப்போர் கைகளே. மராவின் கோலத்திலுள்ள படம் லண்டனில் ஏலம் போனபோது கிடைத்த தொகை அவர்களுடைய சங்கத்துக்குச் சென்றது. 2012இல் குப்பைமேடு மூடப்பட்டு அவர்கள் பிழைப்பிடத்தை இழந்ததைக் கலையால் தடுக்க முடியவில்லை, அதைத் தடுப்பது அதன் வேலையும் அன்று. எனினும் உழைப்பவரின் முகத்தைக் கடன் வாங்கும் எந்தக் கலைஞரிடமும் இக்கணக்கைக் கேட்கத் திறனாய்வு தயங்கக்கூடாது. தத்ரூபம் என்று வியப்பதோடு நிற்கும் மதிப்புரை அந்தக் கடமையிலிருந்து தவறுகிறது.