பிடி கற்றுத் தராத கபடி

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. பாடி வருபவர் அந்த 30 விநாடியையும் எதிரணிக் களத்தில் ஓய்வாக உலாவிக் கழித்துவிட்டு, போகிற போக்கில் போனஸ் கோட்டையும் தாண்டிக் கால் வைத்துத் திரும்புகிறார் என்றால், அங்கே ஏழு பேர் நின்றும் பயனில்லை. கல்லூரி அளவிலான ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நம் அணிகளில் பாடிப் போக ஆள் இருக்கிறது. பாடி வருபவரை மிரட்டத்தான் ஆள் இல்லை. இதற்கு மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் பயிற்சி தரும் முறையும் பழுதாகிக் கிடக்கின்றன. அதைத் திருத்தும் வேலையைத் தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம்.

பிடி என்பது ஒருவர் வேலையல்ல. கார்னரில் நிற்பவர் பாய்ந்து கணுக்காலைப் பற்றுகிறார். அதே நொடியில் கவரில் நிற்பவர் இடுப்பை அணைத்து, நடுக்கோட்டுக்குப் போகும் வழியை மறிக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால், பாடி வந்தவர் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டில் கை வைத்துவிடுவார். கார்னர் அவசரப்பட்டு முன்கூட்டியே பாய்ந்தாலோ, ஒரு தொடுதலில் புள்ளி போய்விடும். அந்த அரை நொடியைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது. இரண்டு பேர் மாதக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடினால்தான் அது உடம்பில் ஏறும். அப்படி ஏறிவிட்ட அணியில் கார்னர் பாய வேண்டியதுகூட இல்லை. அவர் ஒரு காலடி முன்னே நகர்ந்தாலே பாடி வருபவரின் கணக்கு குழம்பிவிடுகிறது. நடுக்கோட்டை ஒட்டியே நின்று நேரத்தைத் தள்ளப் பார்க்கிறார். இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது வாழ்வா சாவா ரெய்டு. அப்போது அவர் தானாகவே வலைக்குள் வந்தாக வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் ஃபுட்பாலிலும், நாம் அறிந்த கால்பந்து அல்ல அது, இதே கவலை உண்டு. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு நிதானமாக நின்று பார்க்க நேரம் கிடைத்துவிட்டால், பின்னால் எத்தனை திறமையான தடுப்பாளர்கள் இருந்தாலும் காப்பாற்ற முடியாது. அவரை நெருக்கும் முன்வரிசை வீரர்களைத் தேடி அங்குள்ள பல்கலைக்கழகங்கள் மாநிலம் மாநிலமாக ஆள் அனுப்புகின்றன. நாமோ உள்ளூரில் இருப்பவரையே கண்டுகொள்வதில்லை.

‘பாடினால்தானே புள்ளி, பிடித்தால் ஒன்றுதானே’ என்று கேட்பார்கள். ஒரு ரெய்டில் இரண்டு, மூன்று புள்ளிகூட எடுக்கலாம். டேக்கிளுக்கு ஒன்றுதான், களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது சூப்பர் டேக்கிளானால் இரண்டு. கணக்கு சரிதான். ஆனால் எதிரணியின் முதன்மை ரெய்டர் பிடிபட்டு வெளியே உட்காரும் ஒவ்வொரு நிமிடமும், அவர் பாட வேண்டிய ரெய்டுகளை இரண்டாம் தர வீரர் பாடுகிறார். அந்த லாபம் ஸ்கோர் பலகையில் பிடித்தவர் பெயரில் ஏறுவதில்லை. அதனால்தான் அதைப் பலரும் பார்ப்பதில்லை.

பார்த்தவர்கள் வென்றிருக்கிறார்கள். 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடவர் கபடித் தங்கத்தை இந்தியா வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் நம்மை 27-18 என்று வீழ்த்தியது. மல்யுத்தத்தில் ஊறிய அந்த நாட்டினர், ஃபசல் அத்ராச்சலி என்ற இடது கார்னர் வீரரின் தலைமையில், பிடியால்தான் இந்திய ரெய்டர்களை முடக்கினார்கள். 18 புள்ளி என்பது இந்திய அணிக்கு எவ்வளவு சொற்பம் என்று கபடி பார்க்கிறவர்களுக்குத் தெரியும். புரோ கபடியிலும் அப்படியே. பிடிக்குப் பேர்போன ஈரானின் முகமதுரேசா ஷத்லூயியை 2023 ஏலத்தில் புனேரி பல்தான் 2.35 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்த சீசனில் கோப்பை புனேவுக்கு. அடுத்த சீசனில் அவர் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குப் போனார். கோப்பையும் ஹரியானாவுக்குப் போனது. ஏலக்காரர்களுக்குப் புரிந்த கணக்கு நம் மாவட்டத் தேர்வாளர்களுக்கு இன்னும் புரியவில்லை.

ஈரான் வரை போவானேன்? 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வாங்கித் தந்தவர் நம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். வலது கார்னர். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். முதல் சீசன்களில் யு மும்பாவின் கவரைக் காத்த ஜீவா குமாரும் தமிழ்நாட்டுக்காரர். பிடிக்குப் பேர் வாங்கிய மாநிலம்தான் இது. இன்றைக்கு ஊர்த் திருவிழா ஆட்டங்களில் கைதட்டலும், கைப்பேசியில் சுற்றும் காணொளிகளும் தாவிக் குதித்துத் தப்பி ஓடும் ரெய்டருக்கே. பத்து வயதுப் பையன் எதைப் பார்த்து எதுவாக ஆசைப்படுவான்?

ஆனாலும் ஆசையை மட்டும் குற்றம் சொல்வதில் நமக்கு உடன்பாடில்லை. பெரிய கோளாறு தேர்வில் இருக்கிறது. ஒருநாள் தேர்வுக்கு நாலா திசையிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். முன்பின் பார்த்திராத ஏழு பேரை ஒன்றாக நிறுத்தி ஆடச் சொல்கிறார்கள். ரெய்டர் தனி ஆள். தன் திறமையை இரண்டே ரெய்டில் காட்டிவிடுவார். கார்னர் வீரர் பாய்ந்து காலைப் பிடிப்பார். பக்கத்தில் நிற்கும் கவர் வேறு ஊர்க்காரர், எப்போது வருவதென்று தெரியாமல் நிற்பார். பிடி நழுவும். தேர்வுக் குழுவின் தாளில் கார்னர் வீரர் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். இப்படி வடிகட்டி வடிகட்டி எடுத்த அணியில் ஐந்து ரெய்டர் இருப்பதில் என்ன வியப்பு?

இங்கேதான் சித்தேரி வருகிறது. அரூரிலிருந்து மலையேறும் பேருந்தை நம்பியிருக்கும் ஊர்கள். கலசப்பாடி, அரசநத்தம் போன்ற குக்கிராமங்கள் ஒழுங்கான சாலைக்காகவே ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தவை. இங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் கல்லூரிக்கு வருவதே பெரும்பாடு. மாலை நான்கு மணிக்கு மேல் அணிப் பயிற்சி என்றால், மலைக்குத் திரும்பும் பேருந்தா பயிற்சியா என்ற கேள்வி வருகிறது. பேருந்துதான் வெல்லும். ரெய்டர் தன் ஊர்க் களத்தில் தனியாகக்கூடக் கால் பழகிக்கொள்ளலாம். கார்னரும் கவரும் பழக இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணுக்காலைப் பிடிக்கப் பாய்கிறவர் மார்பு, முழங்கை, தோள் எல்லாம் தரையில் அடிபட விழுகிறார். சரளைக்கல் கிளம்பிய மைதானத்தில் யார் விழுவார்? விழுந்து தோள்பட்டை எலும்பு விலகினால் மருத்துவச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். விடுமுறையில் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய் அவர் கொண்டுவரும் கூலியை நம்பியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாதம் யார் பதில் சொல்வது? பாயாமல் கைநீட்டி நிற்கும் மாணவரைப் பார்த்து ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெஞ்சிலிருந்து கத்துவது எளிது. அவர் பயப்படுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

‘மலைப் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே உடல்வலு’ என்று மேடையில் புகழ்கிறவர்களும் உண்டு. அந்தப் புகழ்ச்சியில் நமக்குச் சந்தேகம்தான். இயல்பிலேயே வந்துவிடும் என்றால் பயிற்சியாளர் எதற்கு, விரிப்பு எதற்கு என்று ஃபைலை மூடிவிடலாமல்லவா?

அரசு எதுவுமே செய்யவில்லை என்பதல்ல. கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புகள் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கென அறிவிக்கப்பட்டன. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியா இரு கபடித் தங்கங்களையும் வென்றபோது, அந்த அணிகளில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகாவும் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷும் இருந்தார்கள். அரசு பாராட்டியது, பரிசும் தந்தது. வரவேற்கிறோம். ஒரே குழு மாலைதோறும் ஒரே களத்தில் சேர்ந்து ஆடினால்தான் இப்படிப்பட்டவர்கள் உருவாவார்கள் என்பதையும் அரசு கவனிக்க வேண்டும். தொகுப்பில் வரும் பொருள் அந்தப் பழக்கத்தைத் தந்துவிடாது.

ஆகவே நாம் கேட்பது பெரிய விளையாட்டரங்கம் அல்ல. சித்தேரியில் உள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்குக் கபடி விரிப்பு ஒன்று வேண்டும். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பதால் பேருந்துக் கவலை கிடையாது. எட்டாம் வகுப்பில் சேர்ந்து நிற்கும் கார்னரும் கவரும் பன்னிரண்டாம் வகுப்பு வரை சேர்ந்தே நிற்கலாம். எல்லா விளையாட்டுக்கும் ஒரே உடற்கல்வி ஆசிரியர் என்ற நிலையில், பிடி மட்டும் கற்றுத்தர ஓய்வுபெற்ற தற்காப்பு வீரர் ஒருவரை மாதத்தில் சில நாட்களாவது அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும்போது விடுதியில் இடமும், காயம்பட்டால் வீட்டுக்கு இழப்பீடும் உறுதியாக வேண்டும். பழங்குடியினர் நலத்துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் உயர்கல்வித் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது.

இவற்றுக்கெல்லாம் நிதி ஒதுக்க நாளாகும் என்றால், பைசா செலவில்லாத ஒன்றை உடனே செய்யலாம். அடுத்த மாவட்டத் தேர்விலேயே கார்னர், கவர் வீரர்களைச் சேர்ந்து பழகிய இணையாக வரச் சொல்லி, இணையாகவே ஆடவிட்டு மதிப்பெண் போடுங்கள். அதற்கு அரசாணைகூடத் தேவையில்லை, தேர்வுக் குழுவின் ஒரு சுற்றறிக்கை போதும்.