காவல் நாய்க்கும் முகாமில் இடம் வேண்டும்

கறவை மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி தடுப்பூசி போடுகிறோம். பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் அந்தக் கொட்டகையைக் காக்கும் நாய் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. ஆனால் வெறிநோய் மாடு, ஆடு, மனிதர் என்று பார்க்காது. நோய்க்குறி தெரிந்தபின் காப்பாற்ற மருந்தும் இல்லை.

"ஊசி போடலாம், நாயை யார் பிடிப்பது?" என்பார்கள். அந்த வேலை வீட்டிலேயே தொடங்க வேண்டும். குட்டியிலேயே கழுத்துப்பட்டையும் கயிறும் பழக்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதன் தட்டில் சோறு வையுங்கள். அடித்து வளர்த்த நாய் கைக்கு வராது. தின்னும்போது குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறும் வெந்த கோழி எலும்பும் ஆகாது. வயலில் எலி மருந்து வைத்தால், செத்த எலிகளைப் புதைக்கும்வரை நாயைக் கட்டி வையுங்கள்.

மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு ஆண்டுதோறும். கோமாரி முகாமில் மாடுகள் கலைந்தபின் ஒரு மணி நேரம் நாய்களுக்கு ஒதுக்கினால் தனி அலைச்சல் இல்லை. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் புதுச்சேரியில், கால்நடைத் துறையும் கொம்யூன் பஞ்சாயத்தும் மனம் வைத்தால் முடியும்.

நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். கன்று கடிபட்டாலும் அப்படியே கழுவிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.