நம்பர் கொடுத்த புண்ணியம்

உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் செய்து வைத்த காரியத்தைக் கேளுங்கள், சகோதரிகளே!

போன வருஷம் என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் கிடைத்தாள். தங்கமான பெண். கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தவரை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பூஜை அறை வரை நடக்க வைத்துவிட்டாள். அந்த சந்தோஷத்தில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயரையும் போன் நம்பரையும் போட்டு, 'கைராசிக்காரி, வீட்டுக்கே வருவாங்க' என்று எழுதினேன். வரிசையாக எல்லோரும் கைகூப்பி நன்றி சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாம் நாள் வந்தவள் முகமே சரியில்லை. பயிற்சி முடிந்ததும் சமையலறைப் பக்கம் வந்து, "அக்கா, என் நம்பரை எங்கேயாவது கொடுத்தீங்களா?" என்றாள். ராத்திரி பதினோரு மணிக்குப் போனாம். 'மசாஜ் செய்வியா, எவ்வளவு?' என்று எவனோ கேட்கிறானாம். ஒருநாள் அவள் வீட்டுக்காரரே எடுத்துக் கேட்டுவிட்டு, "இந்த வேலையே வேண்டாம், வீட்டில் இரு" என்று குதித்தாராம். "உங்களைத் தப்பா சொல்லலேக்கா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அழித்துவிடலாம் என்று பார்த்தால், அனுப்பி இரண்டு நாள் சொச்சத்துக்குள்தான் எல்லோருக்குமாக அழிக்க முடியுமாம். அழித்துத்தான் என்ன? யாரோ ஒரு புண்ணியவதி அதை வேறு குழுவுக்கு அனுப்பியாயிற்று. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். யார் என்று போய்த் தேட!

நம்பரை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம்தான். ஆனால் பாங்க், ஆதார், காஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நம்பரில்தானே இருக்கிறது. பழைய நோயாளிகளும் அதில்தான் கூப்பிடுவார்கள்.

வக்கீலாக இருக்கும் என் தம்பியைக் கேட்டேன். "தொந்தரவு பண்ணினவன் மேல் போலீஸில் புகார் கொடுக்கலாம். 181-க்கும் சொல்லலாம்" என்றான். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது வாஸ்தவம்தான். ஆனால் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் தனிமனிதர்கள் வைத்திருக்கும் விவரங்களுக்கு அது பொருந்தாதாம். "அப்போ என்னைக் கேட்க ஆளில்லையா?" என்றேன். சிரித்தான், கடங்காரன்!

ஞாயிற்றுக்கிழமை என் கணவரோடு அவள் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று அவள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனுஷர் அதிகம் பேசவில்லை. காப்பி மட்டும் கொடுத்தார். அப்புறம் அவள் தொழிலுக்கென்றே தனி சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொண்டாள். வேலை நேரத்துக்கு அப்புறம் யார் எழுதினாலும் 'காலையில் தொடர்பு கொள்கிறேன்' என்று அதுவே பதில் சொல்லிவிடுகிறது. இரவில் அந்த போனின் சத்தத்தை அணைத்தே வைத்துவிடுகிறாளாம்.

அந்தப் புது நம்பரையும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கேட்கிறவர் நம்பரை வாங்கி, யார், எந்த வீடு, யாருக்கு வைத்தியம் என்று அவளிடம் சொல்கிறேன். இஷ்டமிருந்தால் அவளே கூப்பிடுவாள்.

போன வாரம் லிஃப்டில் மூன்றாம் மாடி அம்மாள் பிடித்துக்கொண்டார். "ஒரு நம்பர் கொடுக்க உங்களுக்கு இத்தனை பிகுவா?"

"உங்க நம்பரைச் சொல்லுங்க மாமி. சாயங்காலம் அவளே பேசுவா."

"என் நம்பரா?" என்று கொஞ்சம் தயங்கினார். "சரி, எழுதிக்கோ. ஆனா வேற யார்கிட்டேயும் கொடுத்துடாதேம்மா!"