பாகற்காய்ச் சாறும் கருணைக்கொலையும்

சர்க்கரை வியாதி வந்த நாய்க்குத் தினமும் இரண்டு வேளை ஊசி குத்துவது அன்பல்ல, வதை என்று ஒருவர் வார இதழ் ஒன்றில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் இளகிய மனசுக்காரர் என்று கடந்து போயிருக்கலாம். அடுத்த பத்தியிலேயே பாகற்காய்ச் சாறும் சிறுகுறிஞ்சான் பொடியும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். அதற்கும் கேட்காவிட்டால் டாக்டரிடம் கொண்டுபோய் முடித்துவிடுவதே கருணையாம். நடுவே, நாட்டு நாய்க்கு இந்த வியாதி வராது, பிஸ்கட்டும் கேக்கும் ஊட்டிய பணக்காரச் செல்லம்தான் காரணம் என்று ஒரு தீர்ப்பு வேறு. இவ்வளவு எழுதியவர் நாயின் கணையத்தைப் பற்றி ஒரு வரியாவது படித்த தடயம் இல்லை.

சாற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, உடம்புதான் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் மாத்திரைக்கும் நடைப்பயிற்சிக்கும் அங்கே வேலை இருக்கிறது. நாய்க்கு அநேகமாக எப்போதும் நடப்பது வேறு: இன்சுலினைச் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. நம் சர்க்கரை மாத்திரைகளே நாயிடம் தோற்றுப்போகும் இடத்தில் பாகற்காய் எதைத் தட்டி எழுப்பப் போகிறது? பூனையைப் பற்றிச் சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். அதற்கு வருவது நம்முடையதைப் போன்றது, சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் சில பூனைகள் பிறகு ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புவதும் உண்டு. நாய்க்கு அந்தக் கொடுப்பினை அரிது.

‘கொடுத்துப் பார்க்கும்’ அந்த நாட்களில் உள்ளே என்ன நடக்கும் என்பதை அவர் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். இரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழியும், செல்களுக்கோ ஒரு துளி போய்ச் சேராது. சிறுநீரகத்தின் வரம்பைத் தாண்டிய சர்க்கரை மூத்திரத்தில் இறங்கும், நாய் படுத்த இடத்தில் எறும்பு மொய்க்கும். குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கும், தட்டை வழித்து நக்கும், அப்படியும் விலா எலும்பு தெரிய இளைக்கும். உடம்பு பிழைக்க வழியில்லாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், அதில் பிறக்கும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்கும். பிறகு வாந்தி, சோர்வு, வாயில் ஒரு விநோத வாடை, மயக்கம், சாவு. இரண்டு வேளை மெல்லிய ஊசி வதை, இது மட்டும் இயற்கை வைத்தியமா?

ஊசியைப் பார்த்திருக்கிறாரா என்பதும் சந்தேகம்தான். இன்சுலின் சிரிஞ்சின் முனை கிட்டத்தட்ட மயிரிழை. பிடரியிலோ விலாப்புறத்திலோ தளர்ந்திருக்கும் தோலைத் தூக்கி அடியில் செலுத்துவது அது. தட்டில் முகம் புதைத்திருக்கும் நாய்கள் பல திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உண்மையில் அந்த வீட்டில் வதைபடுவது ஆட்கள்தான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு, ஊசி. ஊர்க் கல்யாணத்துக்குக் குடும்பமாய்ப் போக முடியாது. பக்கத்து வீட்டுப் பாட்டி பாசத்தோடு நீட்டும் அதிரசத்தை நாசூக்காய் மறுக்க வேண்டும். நாய் சாப்பிடாத வேளையில் வழக்கமான அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கித் தள்ளாடினால் ஈறில் தேன் தடவிவிட்டு ஓட வேண்டும். சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். இந்தச் சிரமங்களை எழுதியிருந்தால் கும்பிட்டிருப்பேன். இவை எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

பணக்காரச் செல்லம் என்ற வசைக்குக் கணக்கே பதில் சொல்லும். 16 கிலோ நாய்க்கு டாக்டர் வேளைக்கு 8 யூனிட் எழுதுகிறார் என்று வையுங்கள். 40 யூனிட் வகையில் 10 மில்லி புட்டி ஒன்றில் 400 யூனிட் இருக்கிறது, 25 நாளுக்கு வரும். மனித இன்சுலின் அரசு விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. சிரிஞ்சு, பரிசோதனை, டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் சுமைதான், மறுக்கவில்லை. தாங்க முடியாத குடும்பங்கள் உண்டு, அவர்களை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால், நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்கள் யாரென்று தெரிந்திருக்கும்.

கேக்கும் பிஸ்கட்டும் நல்லதில்லை, சரி. அதற்காக வியாதிக்கு அவை மட்டுமே காரணமாகிவிடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையச் செல்களைத் தாக்கலாம். கொழுப்பு மிகுந்த மிச்சம் மீதியைத் தின்று கணையம் வீங்கிப் பாழாகலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குப் பருவம் முடிந்த வாரங்களில் ஊறும் ஹார்மோன் இன்சுலினை முடக்கலாம். அந்தக் கட்டத்தில் சீக்கிரம் கருப்பையும் சினைப்பையும் எடுத்துவிட்டால் வியாதியே விலகுவதும் உண்டு. கட்டுரையில் உருப்படியாகச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே விஷயம் இது, அதையும் விட்டுவிட்டார். நாட்டு நாய்க்கு வராதாம். தெருவில் இளைத்துச் செத்த நாயின் இரத்தத்தை எவர் சோதித்தார்? மாநகராட்சி வண்டி அள்ளிப் போனதோடு அதன் வியாதியும் கணக்கில்லாமல் போயிற்று.

பார்வை போய்விடுமே, அப்புறம் என்ன வாழ்வு என்று உருகுகிறார். கண்புரை வருவது மெய்தான். ஒழுங்காய் ஊசி போட்டும் பெரும்பாலான நாய்களுக்கு வரும். அறுவை சிகிச்சை இருக்கிறது. அதுவும் இல்லையென்றால், கட்டிலையும் நாற்காலியையும் இடம் மாற்றாமல் வைத்தால் போதும், மூக்கால் உலகத்தை அளக்கும் பிராணி வாசலுக்கு வழி கண்டுபிடித்துவிடும். கண் போனவர்களையெல்லாம் முடித்துவிடுவதுதான் கருணை என்றால் இவருடைய கருணையைக் கண்டு நானே கொஞ்சம் விலகி நிற்பேன்.

மனிதருக்கான மருந்தை நாய்க்கு வீணாக்குவதா என்ற கேள்வியில்தான் அறியாமை உச்சத்துக்குப் போகிறது. கணையத்தை எடுத்தால் சர்க்கரை வியாதி வரும் என்பதை 1889-இல் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில் கண்டது ஒரு நாயிடம். 1921-இல் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் கணையம் அகற்றிய நாய்களுக்குத்தான் தங்கள் கணையச் சாற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். பல நாய்கள் மேசையிலேயே செத்தன. அதன் பிறகே, 1922 ஜனவரியில், லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த ஊசி போட்டார்கள். வீணாக்கல் கணக்கை யார் யாரிடம் கேட்பது?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். விவாதம் எப்படியும் போகட்டும், கட்டுரையின் கடைசியில் ‘சர்க்கரை இல்லாத’ மிட்டாய் கொடுக்கலாம் என்று ஒரு வரி வருகிறது. அவற்றில் சிலவற்றில் சைலிடால் இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாத அந்த இனிப்பு நாயின் இரத்தச் சர்க்கரையை விபரீதமாக இறக்கும், ஈரலையும் கெடுக்கும். அடுத்த இதழ் வரை காத்திருக்காமல் அந்த ஒரு வரிக்காவது இன்றைக்கே திருத்தம் வெளியிடுங்கள்.