பழ ஈ மூளையில் 240 கடிகார செல்கள்: நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம்?

மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ... மாம்பழ சீசனில் பழத்தை ரெண்டு நாள் வெளியே வெச்சா போதும், கொசு மாதிரி குட்டிப் பூச்சிகள் சுத்த ஆரம்பிச்சிடும். இவைதான் பழ ஈக்கள். காலையிலும் சாயங்காலமும் சுறுசுறுப்பு, நடுப்பகலில் குட்டித் தூக்கம். முழு இருட்டில் அடைத்தாலும் சுமார் 24 மணி நேரச் சுழற்சி நிற்காது. காரணம், மூளைக்குள் ஓடும் கடிகாரம். இப்போது அதன் இணைப்பு வரைபடமே கிடைத்திருக்கிறது.

ஏன் பழ ஈ?

1971-ல் ரொனால்டு கோனோப்காவும் சீமோர் பென்சரும் ‘பீரியட்’ என்ற கடிகார மரபணுவைக் கண்டறிந்தது இந்த ஈயில்தான். அந்தப் பாதையில் தொடர்ந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் கிடைத்தது. அதே குடும்பத்து மரபணுக்கள் நம் உடலிலும் உண்டு.

இன்னொரு காரணம் அளவு. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். பெண் பழ ஈ ஒன்றின் மூளையிலோ 1,39,255 மட்டுமே. அவற்றுக்கு இடையிலான 5 கோடிக்கும் அதிகமான இணைப்புகளோடு முழு வரைபடத்தையும் ‘ஃப்ளைவயர்’ குழு 2024 அக்டோபரில் வெளியிட்டது.

புதுசா என்ன தெரிஞ்சது?

இந்த வரைபடத்தில் கடிகார நியூரான்களை மட்டும் தேடிப் பிடித்தது, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய ஒரு குழு. இதுவரை சுமார் 150 என்று நினைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் சுமார் 240! மூளையின் இடது, வலது பக்கக் கடிகார செல்கள் ஒன்றோடொன்று நிறையவே பேசிக்கொள்கின்றன. வெளிச்சத்தின் தகவல் பல மறைமுகப் பாதைகளிலும் வந்து சேர்கிறது.

ஆனால், தூக்கம், பசி போன்றவற்றை நடத்தும் பகுதிகளுக்குக் கடிகாரத்திலிருந்து போகும் நேரடி இணைப்புகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அப்போ தகவல் எப்படிப் போகுது? பெரும்பங்கு, செல்கள் வெளியிடும் நியூரோபெப்டைடு எனும் ரசாயனங்கள் மூலமாக இருக்கலாம் என்கிறது ஆய்வு. ஒயரை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். ‘பிடிஎஃப்’ என்ற பெப்டைடு இல்லாத ஈக்களை இருட்டில் வைத்தால், சில நாட்களில் பெரும்பாலானவற்றின் தாளம் குலைந்துவிடும். செல்கள் தனித்தனியாக ஓடினாலும் ஒன்றாக ஓடவில்லை என்றால் நேரம் தப்பிவிடும்.

மதுரை வௌவால்கள் சொன்னதும் இதுதான்

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதுசில்லை. பழ ஈக்களின் கடிகாரத்தை ஆராய்ந்த எம்.கே.சந்திரசேகரன், பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வுக் குழுவையே உருவாக்கினார். 1981-ல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில், இருண்ட குகைக்குள் கூண்டில் இருந்த வௌவால்கள், வெளியே போய் வரும் தங்கள் கூட்டத்தை வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொண்டன. கூட்டம் இல்லாத குகையில் அவற்றின் நேரம் நழுவியது. இன்று பழ ஈயின் கடிகார நியூரான்களை பெங்களூருவின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ஷீபா வாசுவின் குழு ஆராய்கிறது.

சரி, நமக்கென்ன?

நம் மூளையிலும் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, பல ஆயிரம் செல்கள் கொண்ட ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு முக்கிய அலாரம் வெளிச்சம். ஆனால் கல்லீரல் போன்ற உறுப்புகளின் கடிகாரங்கள் சாப்பாட்டு நேரத்தையும் கவனிக்கின்றன. நைட் ஷிஃப்ட் முடிச்சு காலை வெயிலில் பைக் ஓட்டி வீட்டுக்கு வந்து, இட்லி சாப்பிட்டுப் படுத்தால், மூளைக்கு ‘விடிஞ்சிடுச்சு’ என்றே தகவல் போகும். தூக்கம் வராததற்குக் காரணம் மனஉறுதி குறைவு இல்லை.

2007-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்தது. 2019-ல் அதை உறுதிசெய்தது.

வேலையை விட முடியாது, சரி. தூங்கும் அறையை இருட்டாக்கலாம், திரும்பும்போது கூலிங் கிளாஸ் போடலாம் (தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்ட வேண்டாம்), சாப்பாட்டு நேரத்தை மாற்றாமல் வைக்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று மாறும் ரோஸ்டரைத் திருத்த ஊழியரால் முடியாது. ஒரு கடிகாரம் செட் ஆவதற்குள் அடுத்ததை மாற்றும் அந்த அட்டவணையைப் பற்றி, நிர்வாகத்திடம்தான் பேச வேண்டும்.