பிச்சாவரத்தில் மூன்று நாள் துடுப்புப் படகு



வெளிநாட்டு ஆறுகளில் கேனோவில் போய், கரையில் கூடாரம் போட்டுத் தங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சென்னையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர், "சார், நம்ம பிச்சாவரத்துல இப்படிப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். 'இதயக்கனி' எடுத்த இடம் என்று போட்டோ பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்புவதைவிட, மூன்று நாள் துடுப்பு வலிப்பது எவ்வளவோ மேல். ஆனால் ராத்திரி காட்டுக்குள் தங்காதீர்கள்.

அது காப்புக்காடு. 2022 முதல் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் அடிக்க முடியாது. அனுமதியே கிடைத்தாலும் எங்கே அடிப்பீர்கள்? சுரபுன்னை வேருக்குக் கீழே எல்லாம் சேறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர். குடிக்க ஒரு வாய் கிடைக்காது.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் காடு. முதல் நாள் பரங்கிப்பேட்டை முகத்துவாரம், மறுநாள் பிச்சாவரம் வாய்க்கால்கள், மூன்றாம் நாள் கொள்ளிடம் பக்கம். இரவில் ஊருக்குள் வந்து படுங்கள். சிதம்பரத்தில் சூடான இட்லியும் கிடைக்கும்!

கடிகாரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அந்த நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றும்போது குறுகிய வாய்க்காலில் மாட்டினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்தால், இங்கே மழையே இல்லாவிட்டாலும் கொள்ளிடம் சீறும். தை, மாசிதான் சரி.

உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். இதே வாய்க்கால்களில் தண்ணீரில் இறங்கி, கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த தடம் கூகுளுக்குத் தெரியாது. மூன்று நாள் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் பெரும்பாலும் தப்பின. மறைப்பில்லாத கடலோர ஊர்கள் நொறுங்கின. அந்தக் காட்டுக்குள் மோட்டார் படகைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. சுற்றுலாத் துறையும் வனத்துறையும் சேர்ந்து, நாளுக்கு இத்தனை துடுப்புப் படகு என்று கணக்கு வைத்து, கிள்ளைப் படகோட்டிகளையும் இருளர் இளைஞர்களையும் வழிகாட்டிகளாக அமர்த்தி, இந்த மூன்று நாள் பயணத்தை அவர்களே நடத்தலாமே?